செந்நாய் மலைக்குப் போன சருகுமான்

நொச்சியாற்றுக்குத் தெற்கே ஈச்சங்காடு. அந்தக் காட்டில் மிளகி என்ற சருகுமான் வாழ்ந்தாள். மான் குலத்திலேயே மிகச் சிறிய மான் சருகுமான்தான். முயலும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இதில் மான் எது என்று கேட்பவர்கள் உண்டு.

மிளகிக்கு ஒரே தங்கை, திப்பிலி. ஆற்றுக்கு அக்கரையில் கருங்கல்மலையில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தபோது அது நல்ல ஊர்தான். பிறகு எங்கிருந்தோ இரண்டு செந்நாய்க் கூட்டங்கள் அங்கே வந்து சேர்ந்தன. “மலை எங்களுக்கு!” என்றது ஒன்று. “இல்லை, எங்களுக்கு!” என்றது மற்றொன்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒருநாள் அக்கரையிலிருந்து பறந்து வந்த கிளி ஒன்று சேதி சொன்னது. “மிளகி! உன் தங்கச்சிக்கு நிறைமாசம். அக்கா பக்கத்துல இருந்தா தேவலைன்னு சொல்லி அழுதா!”

மிளகி தங்கையை நினைத்தாள். தாயில்லாத பெண். தலைப்பிரசவம் வேறு. மாப்பிள்ளை இருக்கிறார்தான், ஆனால் அவர் ஒரு சருகு விழுந்தாலே மயங்கி விழுகிற ஆள். போகாவிட்டால் தங்கைக்கு என்ன ஆகுமோ! போனால் தனக்கு என்ன ஆகுமோ! அன்று அவளுக்கு இரை இறங்கவில்லை.

‘நாலு பேரைக் கேட்போம்’ என்று முதலில் பருந்திடம் போனாள்.

“கருங்கல்மலையா? நேத்துக்கூடப் போய்ட்டுத்தானே வந்தேன்!” என்றது பருந்து. “ஒரு பயமும் இல்ல. மலையையே சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு செந்நாய் என்னை ஏறிட்டுப் பார்க்கணுமே! சும்மா இல்லாததையும் பொல்லாததையும் கிளப்பி விடுறாங்க. தைரியமாப் போ!”

மிளகிக்கு முகம் மலர்ந்தது. “அங்க தரையில எந்தப் பக்கமா நடந்தீங்க, அண்ணே?”

“தரையா? தரையில எனக்கென்ன வேலை?”

மலர்ந்த முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்து அவள் குளத்து ஆமையிடம் போனாள்.

“போகாதே!” என்று கேட்குமுன்பே கத்தியது ஆமை. “அங்க போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்ல!”

“ஐயோ! யாரெல்லாம் போனாங்க, மாமா?”

“யாரு போவா? பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்றது ஆமை. “போனாத்தானே திரும்பி வர்றதுக்கு!” சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. இந்த ஆமை குளத்தின் மறுகரையைப் பற்றியும் இதையேதான் சொல்லும்.

மிளகி சோர்ந்து போய் வரும்போது எதிரே காட்டுப்பன்றி கோரைப்பல்லன் வந்தது. விஷயத்தைக் கேட்டு அது விழுந்து விழுந்து சிரித்தது.

“இதுக்கா இந்த அழுகை? நானும் அக்கரைக்குக் கிழங்கு தோண்டத்தான் போறேன். என் பின்னாலயே வா. இந்தப் பல்லைப் பார்த்தியா? இதைப் பார்த்தா செந்நாய் என்ன, சிறுத்தையே வழிவிடும்!”

பல் என்னவோ பெரிய பல்தான். துணைக்கு ஆள் கிடைத்ததே என்று மிளகி அதன் பின்னால் நடந்தாள். கோரைப்பல்லன் வழிநெடுகப் புதரை முட்டிக்கொண்டும், வேரைப் பிடுங்கி எறிந்துகொண்டும் வந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. ‘இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டுமா?’ என்று அவளுக்கு உள்ளூர ஒரு உறுத்தல்.

ஆற்றங்கரைக்கு வந்தார்கள். தண்ணீர் முழங்காலளவுதான். அக்கரையில் ஒரு காட்டுக்கோழி நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து அவசரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மிளகி நின்றாள். இந்தக் கோழி பறந்து போகிற சாதி இல்லை. தன்னைப்போலவே தரையில் நடக்கிறவள். அந்த மலையிலேயே குடியிருக்கிறவள்.

“கோழியக்கா! இப்ப அங்க வரலாமா?”

“வேண்டாம் தாயி!” என்றது கோழி. “என்கூடக் குஞ்சுங்க வந்திருக்கா பாரு. இல்லேல்ல? சண்டை இந்தச் சரிவுல நடக்குதுன்னா நாங்க குஞ்சுங்களைத் தண்ணிக்குக் கூட்டிட்டு வர மாட்டோம். நான் குஞ்சோட வர்ற அன்னைக்கு வா!”

கோரைப்பல்லன் செருமியது. “போயும் போயும் கோழி பேச்சைக் கேட்டா நிக்கிறது? நீ நில்லு, நான் போறேன்!” என்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு அக்கரை ஏறியது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திடீரென்று மலையில் சீழ்க்கை ஒலி கிளம்பியது. செந்நாய்கள் கூட்டாளிகளைக் கூப்பிடும் ஒலி அது. அப்புறம் ஒரே அலறல். புதரைப் பிய்த்துக்கொண்டு கோரைப்பல்லன் ஓடி வந்து ஆற்றில் விழுந்து எழுந்தது. வாலில் பாதியைக் காணோம்!

“அண்ணே! என்னாச்சு?”

“எதிரிக்குத் துணையா வந்த படைன்னு இந்தக் கூட்டம் துரத்துச்சு. தப்பிச்சு அந்தப் பக்கம் ஓடினா, அந்தக் கூட்டமும் அதையே சொல்லித் துரத்துது!” என்று மூச்சு வாங்கியது பன்றி. “பல்லைப் பார்த்ததும் பயப்படுவாங்கன்னு நினைச்சேன். பல்லைப் பார்த்துத்தான் சண்டைக்கே வந்தானுங்க!”

உயிர் பிழைத்ததே பெரிது என்று அது வீட்டைப் பார்த்து நடையைக் கட்டியது. அந்தப் பல்லுக்குப் பின்னால்தானே தானும் போக இருந்தோம் என்று நினைத்து மிளகி கரையை விட்டுப் பின்வாங்கினாள்.

ஆனாலும் அவள் வீடு திரும்பவில்லை. ஆற்றங்கரை நாணலுக்குள் படுத்துக் காத்திருந்தாள். மறுநாளும் கோழி தனியாகத்தான் வந்தது. அக்கரையைப் பார்த்துப் பார்த்து மிளகிக்குக் கண் பூத்தது. தங்கை வலியில் துடிக்கிறாளோ என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். கோரைப்பல்லன் வால் ஞாபகம் வரும். படுத்துக்கொள்வாள்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் ‘கீச் கீச்’ என்று சத்தம். கோழி வந்தது. பின்னாலேயே குட்டிக் குட்டியாகக் குஞ்சுகள்!

“வா தாயி, வா! சண்டை மேற்குச் சரிவுக்குப் போயிருச்சு!”

மிளகி ஆற்றைத் தாண்டினாள். கோழி வழி சொன்னது. “பாதையில நடக்காதே, மூங்கில் அடியிலயே போ. மரத்து மேல மந்தி இருமினா அப்படியே நில்லு. அது மறுபடி இலை பறிக்கிற சத்தம் கேட்டதும் நட. ஆமா, உங்க ஊர்ல ஆபத்துன்னா என்ன செய்வீங்க?”

“காலைத் தரையில தட்டுவோம். கேட்டதும் எல்லாரும் ஒளிஞ்சுக்குவாங்க. தட்டாம இருந்தா சுயநலக்காரின்னு ஊரே ஏசும்!”

“நல்ல வழக்கம்தான். ஆனா இங்க தட்டிராதே! அந்தச் சத்தம் வந்த இடத்தைத் தேடித்தான் செந்நாய் வரும். இங்க ஊருக்குச் சொல்ற வேலை மந்தியோடது.”

மிளகி மூங்கில் அடியில் மெல்ல நடந்தாள். பாதி மலை ஏறியிருப்பாள். மேலே மந்தி இருமியது! அவள் மரமாக நின்றாள்.

பாதையில் ஒரு செந்நாய் வந்தது. கூட்டத்தை விட்டுப் பின்தங்கிய நொண்டி நாய். பத்தடி தள்ளிப் புல்லுக்குள் ஒரு முயல் இருப்பதை மிளகி பார்த்தாள். அடடா, அதற்குத் தெரியாதே! சொல்ல வேண்டாமா? பிறந்ததிலிருந்து பழகிய கால் தானாகவே மேலே எழும்பியது. தட்டப் போன காலை அந்தரத்திலேயே பல்லைக் கடித்து நிறுத்தினாள். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முயல் காதைக்கூட அசைக்காமல் கல்லாகக் கிடந்தது. மந்தியின் இருமலை அது இவளுக்கு முன்பே கேட்டிருந்தது!

செந்நாய் மூக்கைத் தூக்கியது. இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு நொண்டி நொண்டி மேற்கே போய் மறைந்தது. மேலே இலை பறிக்கிற சத்தம் கேட்டது. மிளகி காலை இறக்கினாள். அப்பாடா! மறுபடி மெல்ல நடந்தாள்.

உச்சிப்பொழுதில் ஒரு பட்டுப்போன மரத்தின் பொந்துக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு காவல் காத்தார். உள்ளே திப்பிலி வலியோடு முனகிக்கொண்டிருந்தாள்.

“அக்கா! வந்துட்டியா!”

“வந்துட்டேண்டி, கண்ணு!”

பொழுது சாய்வதற்குள் பொந்துக்குள் ஒரு புதுக் குரல் கேட்டது. உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. மிளகிக்கும் திப்பிலிக்கும் நடுவில் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? சுக்கு என்று வைத்தார்கள். மாப்பிள்ளை அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

மிளகி குட்டியை நக்கி நக்கி ஈரம் துடைத்தாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் நிற்கவில்லை.

“அக்கா, உன்னை வரச் சொல்லிட்டு நான்தான் செத்துச் செத்துப் பிழைச்சேன்,” என்றாள் திப்பிலி. “வழியில உனக்குப் பயமா இல்லையா?”

“இல்லாம இருக்குமா? நல்லாவே பயந்தேன்,” என்று சிரித்தாள் மிளகி. “ஆனா எதுக்குப் பயப்படணும்னு உங்க ஊர்க் கோழிகிட்டக் கேட்டுக்கிட்டுப் பயந்தேன். திரும்பிப் போறப்பவும் அவ குஞ்சோட தண்ணிக்கு வர்ற அன்னைக்குத்தான் புறப்படுவேன். அதுவரைக்கும் உன் கையால எனக்குச் சாப்பாடு!”

ஆபத்துள்ள ஊருக்குப் போக வேண்டி வந்தால், மேலே பறப்பவன் தரும் தைரியத்தையும் வீட்டை விட்டு அசையாதவன் தரும் பயத்தையும் நம்பாமல், அந்த மண்ணில் நடந்து பிழைக்கிறவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன நாளில், சொன்ன வழியில் போக வேண்டும்.