வாசலைவிடப் பெருசா வளந்த நூரி

ஒரு ஊர்ல ஒரு குட்டி மலை, மலை மேல ஒரு கோட்டை. எந்தக் கோட்டைன்னு கேக்காதே தனம். இன்னிக்கு மத்தியானம் என் முட்டி கழண்டு போற மாதிரி ஏற வெச்சியே, அதேதான். இப்போ கேக்க ஆளில்லாம முள்ளு மண்டிக் கெடக்கு. நீ ஒவ்வொரு இருட்டு ரூமுலயும் தலையை விட்டு "ஊஊ"ன்னு கத்திப் பாத்துட்டு, யாரு அத்தை இதைக் கட்டினதுன்னு கேட்டேல்ல? சொல்றேன். ஆனா ஒழுங்கா "ம்" போடணும்.

"ம்."

அந்தக் காலத்துல டில்லியில பாதுஷா இருந்தார். அவர் இந்தப் பக்கத்தைப் பாத்துக்கச் சொல்லி ஒரு அதிகாரியை அனுப்பினார். பேரு தாவர் பேக். கோட்டை அதிகாரியைக் கில்லேதார்னு சொல்லுவாங்க. மனுஷனுக்கு மீசையும் பெருசு, பயமும் பெருசு. எதிரி யானையை விட்டு முட்டி உள்ள வந்துடுவானோன்னு ஓயாத கவலை. அதனால என்ன பண்ணினார்? வாசலைக் குட்டையாக் கட்டினார். ஆள் போகலாம், குதிரை போகலாம், யானை மட்டும் நுழைய முடியாது. "எப்படி நம்ம மூளை!"ன்னு மீசையை முறுக்கிக்கிட்டார். பாதுஷாவும், "ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தச் சுவத்துல ஒரு கல்லு பேந்தாலும் உன் உத்தியோகம் போச்சு"ன்னு உத்தரவு அனுப்பினார்.

அப்புறம் ஒருநாள் காட்டுல தாயில்லாத யானைக்குட்டி ஒண்ணு கெடச்சுது. கன்னுக்குட்டி ஒசரம்தான் இருக்கும். தத்தக்கா பித்தக்கான்னு அந்தக் குட்டை வாசல் வழியா உள்ள வந்துடுச்சு. நூரின்னு பேரு வெச்சார். தன் தட்டுலேர்ந்து ரொட்டியைப் பிச்சு ஊட்டினார். அது அவர் பின்னாடியே சுத்தும், தலைப்பாகையை உருவிக்கிட்டு ஓடும். பாவம், பொண்டாட்டி புள்ளை இல்லாத மனுஷன். அவருக்கு எல்லாமே அதுதான்.

"ம்."

குட்டி குட்டியாவேவா இருக்கும்? பத்து வருஷம், பன்னெண்டு வருஷம் ஆச்சு, வாசலைவிட ரெண்டு பங்கு வளந்துடுச்சு. இது எப்படி வெளிய போகும்னு ஒருத்தருக்காச்சும் தோணணுமே! எதிரி யானை உள்ள வரக் கூடாதுன்னே யோசிச்சுக்கிட்டிருந்தவருக்கு, நம்ம யானை வெளிய போகணும்னு தோணவே இல்ல. பெரிய அதிகாரிங்க மூளையே அப்படித்தான். உள்ளயே குளம் இருந்துது, பொழுதும் போச்சு.

அப்போ வந்துது பாரு ஒரு கோடை! கோட்டைக் குளம் வத்திக் காஞ்சு போச்சு. கீழ ஏரியில மட்டும்தான் தண்ணி. சிப்பாய்ங்க குடம் குடமாத் தூக்கியாந்து ஊத்தினாங்க. சர்ர்ர்ருன்னு ஒரே உறிஞ்சு, காலி. நூரிக்குத் தோலெல்லாம் வெடிச்சுது. தீனி வேண்டாம்னு படுத்துடுச்சு. யானைப்பாகன் கன்னியப்பன் வந்து, "ஏரியில எறக்கினாப் பொழைக்கும் எசமான். இல்லேன்னா நாலு நாள் தாங்காது"ன்னான்.

"செத்துடுமா அத்தை?"

அவசரப்படாதேடி, கேளு. மொதல்ல வாசலுக்கு வெளிய நின்னு கரும்பைக் காட்டினாங்க. நூரி எழுந்து மண்டி போட்டு வந்துது. தலை வெளிய வந்துது, தோள் மாட்டிக்கிச்சு. அப்புறம் நாலு அண்டா எண்ணெய் தடவிப் பின்னாலேர்ந்து தள்ளினாங்க. வழுக், சளுக், பொத்! யானை நகரல, தள்ளினவங்கதான் ஒருத்தர் மேல ஒருத்தர் சறுக்கி விழுந்தாங்க. அப்புறம் அதை உள்ள இழுத்துட்டு, வாசலுக்கு அடியில பள்ளம் தோண்டிப் பாத்தாங்க. ஒரு சாண் கூடத் தோண்டல, டங்! பாறை.

"ம்... ம்."

அப்போ கில்லேதார் நூரி பக்கத்துல போய் உக்காந்தார். ரொட்டியைப் பிச்சு நீட்டினார். அது வாங்கிக்கல, தும்பிக்கையை மட்டும் அவர் மடியில வெச்சுது. அந்த மீசைக்கார மனுஷன் அழுதுட்டார். கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "சம்மட்டி எங்க?"ன்னார்.

"எசமான், பாதுஷா உத்தரவு!"ன்னு ஒரு சிப்பாய் குறுக்க வந்தான்.

"உத்தரவு ஏரித் தண்ணி கொண்டாருமா? நகருடா."

ஏரிப் பக்கத்துச் சுவத்துல மொதல் அடி அவரே அடிச்சார். ணங்! அப்புறம் எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. ணங், ணங், ணங்! ரெண்டு நாள் இடிச்சாங்க, தடதடதடன்னு சுவரு சரிஞ்சுது. நூரி தள்ளாடித் தள்ளாடி வெளிய வந்துது. தண்ணி வாசனை அடிச்சுது பாரு, எறங்கிப் போய், தொபுக்கடீர்! கரையில நின்ன கில்லேதார் தொப்பலா நனைஞ்சுட்டார். கையெல்லாம் கொப்புளம், ஆனா சிரிச்சுக்கிட்டே நின்னார்.

அப்புறம் விஷயம் கேள்விப்பட்டு டில்லியிலேர்ந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். "எந்த எதிரி உடைச்சான்?"னார்.

"நான்தான் உடைச்சேன்."

"எதுக்கு?"

"யானைக்குத் தாகம்."

வாளைப் புடுங்கிட்டார். குதிரையைப் புடுங்கிட்டார். தலைப்பாகையையும் வாங்கிக்கிட்டு, "உன் ஊருக்கு நடந்தே போ"ன்னுட்டார். தாவர் பேக் வெறுந்தலையோட மலையை விட்டு எறங்கினார். ஏரிக்கரைக்கு வந்தாரோ இல்லையோ, நூரி சொட்டச் சொட்ட எழுந்து வந்து, அவரைத் தூக்கித் தன் கழுத்து மேல வெச்சுக்கிட்டு நடந்துது.

மேலேர்ந்து அதிகாரி கத்தினார். "அது சர்க்கார் யானை! புடிங்க!" ஒரு சிப்பாய்க்குச் செருப்பு வார் அவுந்துடுச்சு. இன்னொருத்தனுக்கு விடாம தும்மல். கன்னியப்பன் மட்டும் தபதபன்னு ஓடினான். அதிகாரிக்கு ஒரே குஷி. ஓடினவன் யானைகிட்டப் போய், "எசமான், நானும் வரேன், என்னையும் ஏத்திக்கோங்க!"ன்னான்.

"அப்புறம் அத்தை...?"

அப்புறம் என்ன, மூணு பேரும் ஒரு மரத்தடி பாத்துப் படுத்துட்டாங்க. கதைக்கே கொட்டாவி வந்துடுச்சு, நீயும் கண்ணை மூடு.