மிதிபடாத களிமண்

கோவை கணபதியில் ரெஜினாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. பழைய கார்களுக்கு வேறு எஞ்சின் மாட்டிப் பந்தயத்துக்கு அனுப்புகிற பட்டறை. அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்துமூன்று. வேலை பார்த்த மில்லை மூடினதும் வந்து சேர்ந்தவர். பக்கத்து டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அதையெல்லாம் மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவரைச் சுட்டது வேறொரு சிரிப்பு.

போன வருஷப் பந்தயத்தில் அவர் மகள் கௌசிகா, அவரே கூரையை வெட்டித் தாழ்த்திக் கட்டிய காரை ஓட்டினாள். நாலு சிலிண்டர், சின்ன எஞ்சின். மூன்றாவதாக வந்தாள். "தையல் மெஷின் வருது, வழி விடுங்கப்பா" என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது. கௌசிகாவும் சேர்ந்து சிரித்தாள். அப்பனுக்குத்தான் மானம் போய்விட்டது.

இந்த வருஷம் அலைந்து திரிந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் பிடித்துவந்தார். காரின் முன்சட்டத்தை வெட்டி அதைத் திணித்து வைத்தார். ஸ்டார்ட் செய்தால் பட்டறைத் தகரம் அதிரும். தெருவே எட்டிப் பார்க்கும். மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனால் ஓட்டிப் பார்த்தால், பழைய சின்ன எஞ்சினைவிடச் சுற்றுக்கு நாலு நொடி அதிகம் பிடித்தது. பந்தயத்துக்கு ஐந்தே நாள் இருந்தது.

"ஏனுங் அம்மணி, இதைவிடப் பெருசா ஒண்ணு மாட்டிரலாமுங்களா? இல்ல, மறுபடி சின்னதுக்கே போயிரலாமுங்களா?"

"புள்ள என்ன சொல்லுது?"

"அவ என்னத்தச் சொல்றது? நல்லா இருக்குங்கறா."

"நாளைக்கு ஒருவாட்டி ஓட்டிப் பாத்துரலாங்கண்ணா" என்றாள் ரெஜினா.

மறுநாள் காலை, மூடிக் கிடந்த மில்லின் லாரித் தளத்துக்குக் காரைக் கொண்டுபோனார்கள். கௌசிகா ஹெல்மெட்டை எடுத்து வரப் போன நேரத்தில், ரெஜினா குனிந்து ஆக்சிலேட்டர் பெடலுக்குக் கீழே ஒரு களிமண் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். எந்தக் காரானாலும் அவள் இப்படி வைப்பாள். பெடல் கேபிள் சரியாக இழுக்கிறதா என்று பார்க்கத்தான் போலும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார் சென்னியப்பன். கேட்டதே இல்லை.

மூன்று சுற்று ஓடியது கார். வளைவுக்கு வளைவு எஞ்சின் கனத்தில் முன்பக்கம் தரையை நோக்கி முட்டியது. சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது.

"மிதி கண்ணு, மிதி" என்று கத்தினார் சென்னியப்பன். நின்றபிறகு பட்டறை ஆட்கள் முன்னாலேயே கேட்டார்: "கால்ல வலுவே இல்லையா உனக்கு? முழுசா மிதிச்சியா இல்லையா?"

"மிதிச்சேன்ப்பா."

அவள் ஹெல்மெட் வாரைக் கழற்றப் பார்த்தாள். இரண்டு தடவை நழுவியது. பிறகு தண்ணீர் குடிக்கப் போனாள்.

"பெடலுக்கு அடியில பாருங்கண்ணா" என்றாள் ரெஜினா.

சென்னியப்பன் குனிந்து எடுத்தார். உருண்டை வைத்தபடியே இருந்தது. மேலே ரெஜினாவின் கட்டைவிரல் ரேகைகூடக் கலையவில்லை. பெடல் அதைத் தொடவே இல்லை.

ரெஜினா தன் டூல் பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே காய்ந்த களிமண் துண்டு ஒன்று, அப்பளம் மாதிரித் தட்டையாக இருந்தது. பெடல் ரப்பரின் வரிகள் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன.

"இது?"

"போன வருஷத்துது. சின்ன எஞ்சின்."

சென்னியப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மாதமாக வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால்கூட அந்த எஞ்சினைப் பற்றித்தான் பேசியிருந்தார். மகளும் ஊம் கொட்டியிருந்தாள். வளைவில் கார் முட்டும்போதெல்லாம் அவர்தான் மிதி, மிதி என்று கத்தியிருந்தார்.

கௌசிகா திரும்பி வந்தாள். அவர் சட்டென்று களிமண்ணைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"இதைவிடப் பெருசு மாட்டினாலும் ஓட்டிருவேன்ப்பா" என்றாள் அவள், டயரைப் பார்த்துக்கொண்டே. பிறகு காரை ஓரங்கட்டப் போய்விட்டாள்.

சென்னியப்பன் மூடிய கையோடு ரெஜினா பக்கம் திரும்பினார்.

"எதை மாட்டட்டும் அம்மணி? நீங்களே சொல்லிருங்க."

ரெஜினா டப்பாவை மூடினாள்.

"அந்தப் புள்ள வண்டிக்கு அதிகமாப் பயப்படுதா, உங்களுக்கு அதிகமாப் பயப்படுதான்னு கேட்டுட்டு வாங்கண்ணா. எஞ்சின் இங்கயேதான் கெடக்கும்."