லிஸ்ட் வாங்கப் போன பஸ்

தென்காசிக்குக் கிழக்கே ஓர் ஊர். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் வேண்டாம். அங்கிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மதுரைக்கு ஒரு தனியார் பஸ் புறப்படும். ஒரே பஸ்தான். ஆனால் அந்த ஒரு பஸ்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் பிரிவும், பிரிவில் மூன்று பேரும் உண்டு.

பிரிவுக்குத் தலைவர் கோமதிநாயகம். தலைவராகி ஐந்து மாதம் இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். அடுத்த வாரம் கல்யாணம் வேறு. பத்திரிகையில் பேருக்குக் கீழே 'தலைவர், கம்ப்யூட்டர் பிரிவு' என்று அச்சடித்து, நானூறு வீட்டுக்குக் கொடுத்தும் ஆயிற்று. அன்று காலையில் முதலாளி வந்து நின்றார்.

"இன்னைக்கு ஒரு நாள் வண்டி அஞ்சு மணிக்குச் சரியா கிளம்பட்டும் வே. நாளைக்கு ஆர்டர் தாரேன். ஒரு நிமிஷம் பிந்துச்சுன்னா வேற இடம் பாத்துக்கிடும்." வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி இன்னொன்றும் சொன்னார். "பயணிகள் லிஸ்ட் கையில வராம டிரைவர் இஞ்சினைத் தொடப்பிடாது."

மூன்று மணிக்கு லிஸ்ட்டைத் திறந்தால், வரவில்லை.

லிஸ்ட் இருப்பது மதுரையில். அங்கே குளுகுளு அறையில் ஹோஸ்ட் என்று ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதற்குள்ளே ஆறு கம்ப்யூட்டர்கள். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது, ஆனால் ஆறும் தனித்தனியாக வேலை பார்க்கும். அதில் நான்காவதுக்குள் இருக்கிறது லிஸ்ட். இங்கிருந்து லேப்டாப்பில் இன்டர்நெட் வழியாக உள்ளே போய் எடுக்க வேண்டும். அன்றைக்குப் போக முடியவில்லை.

"ஒரு பெட்டிக்குள்ள ஆறு இருந்தா மூச்சு முட்டாதா அண்ணாச்சி?" என்று கேட்டான் பூலுடையான். பிரிவில் அவன் இரண்டாவது ஆள்.

"அதுக்குத்தாம்ல ஏசி போட்டிருக்கான்" என்றார் கோமதிநாயகம். மதுரைக்குப் போன் போட்டார்.

ஹோஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மெஹருன்னிசா நிதானமான பெண். "ஹோஸ்ட்டுக்கு ஒரு பிங் போடுங்க சார். பதில் வருதான்னு பார்ப்போம்" என்றாள். பிங் என்றால் ஆள் இருக்கிறதா என்று இங்கிருந்து கேட்பது. இருந்தால் அது பதில் சொல்லும்.

போட்டார்கள். பதில் இல்லை.

"சாப்பிட்டுப் படுத்திருக்குமோ?" என்றாள் மூன்றாவது ஆளான செல்லத்தாய்.

"உள்ள ஆறு இருக்கே தாயி. ஒண்ணாவது முழிச்சிருக்காதா?"

"தலைக்கட்டு தூங்கும்போது சின்னதுக எப்படி அண்ணாச்சி பதில் பேசும்? மரியாதை தெரிஞ்சதுகளா இருக்கும்."

இது நியாயமாகப் பட்டது. எழுப்ப மனசில்லை என்று கோமதிநாயகம் மதுரைக்குத் தெரிவித்தார். மெஹருன்னிசா, "சார், நான் ஒண்ணு பார்த்துட்டுக் கூப்பிடறேன். நான் சொல்ற வரைக்கும் தயவுசெஞ்சு யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று பேரும் எழுந்து அறை நடுவில், நாற்காலியில்கூட உரசாமல், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"யாரு?" என்றான் பூலுடையான்.

"மேடம்தான். பேர் தெரியுது."

"எடுக்கலாமா?"

"எடுத்தா தொட்ட கணக்குல்லா."

"தொடுங்கன்னு சொல்லத்தான் கூப்பிடுதாங்களோ என்னமோ."

"இருக்கும். முதல்ல சொல்லட்டும். சொன்ன பெறவு எடுப்போம்" என்றார் கோமதிநாயகம்.

போன் பதினோரு தடவை அடித்து ஓய்ந்தது. வண்டி விஷயம் கேட்க வந்த டிரைவர் சேவியர், மூன்று பேரும் கை தூக்கி நிற்பதைப் பார்த்து, திருட்டு நடக்கிறதென்று தானும் கையைத் தூக்கினார். விவரம் சொன்ன பிறகு, உத்தரவு தனக்கில்லை என்ற தைரியத்தில் பன்னிரண்டாவது அழைப்பை எடுத்து, கோமதிநாயகத்தின் காதில் வைத்துப் பிடித்தார்.

"சார், எங்க போனீங்க? இனிமே தொடலாம். நல்லாக் கேளுங்க. இங்க நான் ஹோஸ்ட் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா ஆறு மெஷினும் ஜோரா ஓடுது. தூரத்துல இருக்கிற உங்களுக்குத்தான் வரல. அப்ப ஹோஸ்ட்ல கோளாறு இல்ல. புரியுதா?"

கோமதிநாயகத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. போனை வைக்கச் சொல்லிவிட்டுத் தம் ஆட்களைப் பார்த்தார்.

"பக்கத்துல இருந்தா வருது. தூரத்துல இருந்தா வரல. அப்ப கோளாறு எதுல?"

"தூரத்துல" என்றாள் செல்லத்தாய்.

"அப்ப எதைக் குறைக்கணும்?"

முதலில் மேஜையை மதுரைப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். வரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள். வரவில்லை. மணி மூன்றரை.

"நடந்து கட்டாது. பஸ்ஸுலேயே போயிருவோம்" என்றார் கோமதிநாயகம்.

"லிஸ்ட் இல்லாம இஞ்சினைத் தொடமாட்டேன்" என்றார் சேவியர்.

"லிஸ்ட்டை எடுக்கத்தானய்யா போறோம்."

"எடுத்துட்டு வாரும். போவோம்."

நால்வரும் யோசித்தார்கள். கடைசியில் பூலுடையான்தான் மெதுவாகச் சொன்னான். "இஞ்சினைத் தொடப்பிடாதுன்னுதான சொன்னாரு. பின்பக்கத்தைத் தொடலாம்லா?"

சேவியர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். செல்லத்தாய் முன்சீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். சீக்கிரமே வந்து காத்திருந்த முப்பத்தி நாலு பயணிகளும், வண்டி போனால்தானே நாமும் போகலாம் என்று பையை உள்ளே வைத்துவிட்டுத் தள்ள வந்தார்கள். நூறு அடிக்கு ஒரு தடவை கோமதிநாயகம் பின்னாலிருந்து, "வந்துட்டா?" என்பார். "இன்னும் வரல. ஆனா வாராப்புல இருக்கு" என்பாள் செல்லத்தாய்.

இரண்டாவது கிலோமீட்டர் கல்லில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள். தள்ளிக்கொண்டு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல நெட்டே இல்லையே. உங்க ஆபீஸ்ல மோடம் ஆன்லதான் இருந்துச்சா?"

"பச்சை லைட்டு எரியுமே அதுவா?" என்றான் பூலுடையான். "மத்தியானம் நான்தான் அணைச்சேன். செல்லத்தாய் அக்காவைப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பொம்பளைப் பிள்ளை உக்காந்திருக்க இடம் பாருங்க."

"நல்ல காரியம் பண்ணுன" என்றார் கோமதிநாயகம். "ஆனா இப்ப பேச்சு தூரத்தைப் பத்தி."

அந்தப் பெண் தன் போனிலிருந்து நெட்டைத் திறந்து லேப்டாப்புக்குக் கொடுத்தாள். அடுத்த நொடி, மதுரை ஹோஸ்ட்டுக்குள் நான்காவது மெஷின் திறந்து, லிஸ்ட் வந்து நின்றது.

"பாத்தியாம்மா?" என்றார் கோமதிநாயகம் அவளிடம். "ரெண்டே ரெண்டு கிலோமீட்டர்தான் கூடுதலா இருந்திருக்கு."

லிஸ்ட் கையில் வர வேண்டும் என்பதால் லேப்டாப்பையே சேவியர் கையில் கொடுத்தார்கள். அவர் இஞ்சினைக் கிளப்பினார். பயணிகள் ஏறப்போனார்கள். செல்லத்தாய் வாசலில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"லிஸ்ட்டுல, ஏறும் இடம் ஆபீஸ் வாசல்னு போட்டிருக்கு. இங்க ஏத்த முடியாது."

எழுத்தில் இருப்பதை யார் மறுப்பது? காலி பஸ் திரும்பி ஊருக்கு ஓடியது. முப்பத்தி நாலு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கடைசி ஆளும் இரைக்க இரைக்க வந்து, வரிசைப்படி பேர் கொடுத்து ஏறினார். மணி ஐந்து. பஸ் புறப்பட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், கோமதிநாயகத்தைப் பார்த்தார், நாளைக்கு என்று சொன்ன ஆர்டரை அப்போதே எடுத்துக் கையில் கொடுத்தார்.

பஸ் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான், லேப்டாப்பும் சேவியர் மடியிலேயே போய்விட்டது தெரிந்தது. கோமதிநாயகம் கலங்கவில்லை. மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு, "அதைத் திருப்பி அனுப்பாதீங்க மேடம். ஹோஸ்ட் பக்கத்துலயே வச்சிருங்க. இனிமே தூரத் தொல்லையே கிடையாது" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு மூவரும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மதுரையிலிருந்து போன் வந்தது.

"சார், உங்க லேப்டாப்ல லிஸ்ட் நல்லாத் தெரியுது. உங்களுக்குத் தெரியுதா?"

கோமதிநாயகம் வெறும் மேஜையை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். செல்லத்தாயும் பார்த்தாள். பூலுடையான் குனிந்து, மூக்கு மரத்தில் படுகிற அளவுக்கு உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."