கோழிக்கொண்டைப் பூ தலையை உதறுவது ஏன்?

கோழிக்கும் ஆட்டுக்கும் மனிதரைப் போலவே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், சாமிக்கு ஓர் உயிரைக் கொடுப்பதென்றால் அந்த உயிரையே கேட்க வேண்டும். "சம்மதம்" என்று அது தன் வாயால் சொன்னால்தான் அரிவாள் எழும். சொல்லாவிட்டால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு பாறைக் கரட்டு ஊரில் சீனியம்மா என்பவள் கீரைப் பாத்தி போட்டுப் பிழைத்தாள். அவளுக்கு மாயக்கா என்று ஒரு மகள். செவலை என்று ஒரு சேவல். தாய்க்கோழியைப் பருந்து தூக்கிவிட்டதால், செவலை சீனியம்மாவின் முந்தானைச் சூட்டில்தான் வளர்ந்தது. மழை பெய்தால் காதில் தண்ணீர் போய்விட்டதென்று தலையை உதறிக்கொண்டு ஓடிவரும். அவள் துடைத்துவிட்டால்தான் அடங்கும்.

மாயக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை கண் திறக்கவில்லை. பதறிப்போன சீனியம்மா ஊர் எல்லைக் கருப்பசாமிக்குச் சேவலை நேர்ந்துவிட்டாள்.

செவலைக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "யாரைக் கேட்டு நேர்ந்த? தலை என்னுது, ஆத்தா."

"வேற என்னடா இருக்கு எங்கிட்ட?"

"வால் இறகு மொத்தத்தையும் பிடுங்கிக்க. கருப்பசாமி வாசல்ல நின்னு ஆயுசுக்கும் கூவுறேன். போதாதா?"

"கருப்பசாமி இறகு கேக்கல, ராசா."

செவலை வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றது. பிறகு கோபம் தணிந்து இறங்கி வந்தது. "சரி. மாயக்கா எந்திரிச்சு வீட்டு முத்தத்துல என்னை ஒரு தடவை விரட்டட்டும். அதைப் பாத்துட்டு நானே வந்து சம்மதம்னு சொல்றேன். அதுக்கு முன்னால கேட்டா, வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றாள் அவள்.

காய்ச்சலோ ஏறிக்கொண்டே போனது. கருப்பசாமி கோயில் கொடைத் திருவிழா நாளும் வந்துவிட்டது. பூசாரி மூக்கன் வாசலில் வந்து நின்றார். "சேவல் சொல்ற நேரத்துக்கா சாமி காத்திருக்கும்? உனக்குப் பிள்ளை வேணுமா, வேண்டாமா?"

சீனியம்மா சேவலைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "சம்மதமா?" என்று கேட்டார். செவலை சொன்ன சொல் மாறாமல் அலகை மூடிக்கொண்டு அவளையே பார்த்தது. மறுபடியும் ஊற்றினார். தண்ணீர் காதுக்குள் இறங்கியது. செவலை தலையை உதறியது.

"தலையைச் சிலுப்பிட்டான். இதுவும் சம்மதந்தான்" என்றார் பூசாரி. "என்னம்மா, சரிதானே?"

அது காதில் போன தண்ணீர் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். மகளின் மூடிய கண் நினைவில் வந்து வாயை அடைத்தது.

"சரிதான்" என்றாள்.

"ஆத்தா, காதுல..." என்றது செவலை. சேவல் இனம் பேசிய கடைசிப் பேச்சு அது.

மாயக்கா பிழைத்துக்கொண்டாள். எழுந்ததும் முற்றத்துக்கு ஓடினாள். "செவலை எங்கம்மா? விரட்டணும்." கறியைத் தொடாமல், தலையை மட்டும் கொண்டுவந்து கீரைப் பாத்தி மூலையில் சீனியம்மா புதைத்திருந்தாள்.

அடுத்த விதைப்பில் அந்த மூலையில் ஒரு நாற்று தண்டு சிவந்து நின்றது. இலையைப் பார்த்தால் கீரைதான். கிள்ளிப் பழகிய கை கொழுந்தைக் கிள்ளிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் கிளைத்து, குஞ்சின் கொண்டை போலச் சின்னச் சின்னப் பூக்கள் வந்தன. அதைப் பார்த்த பிறகுதான், அது செவலை என்று அவளுக்கு உறைத்தது. உதிர்ந்த விதைகள் செவலையின் கண்ணைப் போலக் கறுத்து மினுங்கின. அவற்றைத் தூவி, முளைத்ததைக் கிள்ளாமல் விட்டாள். மடிப்பு மடிப்பாக, ரத்தச் சிவப்பில், பட்டுப் போல ஒரே கொண்டை எழுந்தது.

மாயக்கா முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லையேம்மா."

"பூவுக்கு வாசனைதான் பேச்சு. எங்கிட்டப் பேசாதுடி அது."

மழை வந்தது. மடிப்பில் தண்ணீர் தேங்கி, காற்றில் பூ தலையை உதறியது. சீனியம்மா ஓடிப்போய் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பூ உதறிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், தண்ணீர் தெளித்துத் தலை சிலுப்பினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. கீரை பறிப்பவர்கள் சிவந்த தண்டைக் கண்டால் கொழுந்தைக் கிள்ளாமல் விடுவதும், கோழிக்கொண்டை வாசனையே இல்லாமல் பூப்பதும் அன்றைக்குப் பிறகுதான். மழையில் அது இன்றும் தலையை உதறுகிறது. துடைத்துவிடத்தான் ஆள் இல்லை.