இரண்டாவது இறக்கை

“நான் எதுல குறை வெச்சேன் மாஸ்டர்?” என்று செங்கோட்டுவேல் கேட்டார்.

ஜெசிந்தா மாஸ்டர் பால்சா என்னும் இலேசான மரக் குச்சி ஒன்றை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“ரெண்டு வருஷமா வர்றேன். நீங்க தேய்க்கிற மாதிரி தேய்க்கிறேன். ஒட்டுற மாதிரி ஒட்டுறேன். எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் கரட்டு மேல ஏறி கிளைடர் விடுறாங்க. என்னை மட்டும் விடமாட்டேங்கறீங்க.”

“சொந்தமா ஒன்னு செஞ்சு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேனே சார்.”

“அதைத்தான் செஞ்சுட்டு இருக்கேன்.”

“அப்ப செய்யுங்க.”

மாஸ்டருக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

செங்கோட்டுவேல் நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுக்கும் வேலையில் இருந்தவர். முப்பத்தைந்து வருடத்தில் அவர் எடுத்த நகலில் ஒரு கோடு விலகியதாக யாரும் சொன்னதில்லை.

அந்தப் பழக்கம் இந்தப் பட்டறைக்கும் கூடவே வந்தது. எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் மாதிரி விமானம்தான் கிளைடர்; மாஸ்டர் வரைந்து கொடுத்த அதன் படத்தின் ஓரங்களில், மாஸ்டர் சொல்வதையும் செய்வதையும் பென்சிலால் பொடி எழுத்தில் தேதி போட்டு எழுதினார். பசை காய எத்தனை நிமிடம். உப்புத்தாளில் எத்தனை இழுப்பு. துணி ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டி எவ்வளவு சூடு.

மாஸ்டர் இடக்கைக்காரர். அதனால் இவரும் பெட்டியை இடக்கையில் பிடித்து இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டார்.

“ஏனுங்க சார், எனக்குச் சளி பிடிச்சா நீங்க தும்முவீங்களா?” என்று மாஸ்டர் ஒரு நாள் கேட்டார்.

செங்கோட்டுவேல் சிரிக்கவில்லை. அவருக்கு அவசரம் இருந்தது.

கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஆடியில்தான் கரட்டுக் குன்றின் சரிவில் காற்று ஏறி அடிக்கும். இந்த ஆடியில் விட்டால், தான் செய்தது வானத்தில் நிற்பதைப் பார்த்துவிடலாம். அடுத்த ஆடியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

இதை அவர் மாஸ்டரிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார்.

உடலும் வாலும் முடிந்தன. முதல் இறக்கைக்கு நான்கு மாதம் ஆனது. படத்தைப் பலகையில் விரித்து, அதன் மேலேயே மெல்லிய மரத் துண்டுகளை விலா எலும்புகள் போல வரிசையாக நிறுத்தி ஒட்டினார். இரண்டு மீட்டர் நீளம்.

இரண்டாவது இறக்கையையும் அதே படத்தின் மேல் வைத்துச் செய்தார். அதற்கும் நான்கு மாதம்.

ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

இரண்டுக்கும் வெள்ளைத் துணி ஒட்டினார். சூடு பட்டதும் துணி சுருங்கி இறுகியது. ஒரு சுருக்கம் இல்லை.

ஆடி பிறக்கப் பத்தொன்பது நாள் இருந்தது.

அன்று காலை கிளைடரின் உடலை மேசையில் வைத்து, முதல் இறக்கையை இடப்பக்கம் பொருத்தினார். சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதை வலப்பக்கம் கொண்டுபோனார்.

தடித்த முன்விளிம்பு வாலைப் பார்த்து நின்றது.

திருப்பினார். முன்விளிம்பு முன்னால் வந்தது. இப்போது இறக்கையின் வயிறு வானத்தைப் பார்த்தது.

மறுபடியும் திருப்பினார். மறுபடியும்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டும் இடது இறக்கை” என்றார்.

மாஸ்டர் கிட்டே வந்தார். முதல் இறக்கையைத் தொட்டார்.

“இதுல ஏதாச்சும் தப்பு இருக்குங்களா?”

“இல்ல.”

இரண்டாவதைத் தொட்டார்.

“இதுல?”

செங்கோட்டுவேல் நுனியிலிருந்து அடி வரை பார்த்தார். “இல்ல.”

“ரொம்ப நல்ல வேலை சார். என்னோடதை விடச் சுத்தம்.”

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியும்.”

“நாலு மாசம்! என் கண்ணு போயிட்டு இருக்கு மாஸ்டர். நாலு மாசமா பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தீங்களா?”

மாஸ்டர் இறக்கையிலிருந்து கையை எடுத்தார்.

“ரெண்டாவதை ஆரம்பிச்ச முதல் வாரமே கேட்டேன் சார். ‘இது எந்தப் பக்கத்து இறக்கை’ன்னு. நீங்க குனிஞ்சு பார்த்துட்டு, ‘படத்துல இருக்கிற பக்கம்’னு சொன்னீங்க.”

“படத்துல ஒரு பக்கம்தான் வரைஞ்சிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா அதையும் ஓரத்துல எழுதி வெச்சிருப்பீங்க.”

செங்கோட்டுவேல் எழுந்து வாசல் வரை போனார். செருப்பில் ஒரு காலை நுழைத்தார். வெளியே வேப்ப மரத்தின் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தன. காற்று தொடங்கிவிட்டது.

காலை உருவிக்கொண்டு திரும்பி வந்தார்.

“பத்தொன்பது நாள்ல ஒரு இறக்கை முடியுமா மாஸ்டர்?”

“இதுக்கு நாலு மாசம் ஆச்சே. அதுல மரத்தைத் தொட்டது எத்தனை நாள்?”

அவர் படத்தின் ஓரத்தில் தான் போட்டிருந்த தேதிகளைப் பார்த்தார். விரலால் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

“பதினாறு நாள்.”

“மீதி?”

“உங்ககிட்ட கேட்டது. எழுதினது. எழுதினதைச் சரிபார்த்தது.”

“அப்ப மூணு நாள் மிச்சம் இருக்குதுங்க” என்றார் மாஸ்டர். “ஒரு நாள் லீவு கூடப் போடலாம்.”

மாடத்திலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, படத்தின் மேல் ஊற்றினார்.

“ஐயோ மாஸ்டர்!”

மாஸ்டர் ஒரு துணியால் எண்ணெயைப் படம் முழுக்கத் தேய்த்தார். காகிதம் கண்ணாடித்தாள் போல ஆனது. அதைக் குப்புறக் கவிழ்த்து, பலகையில் விரித்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினார்.

கோடுகள் காகிதத்தின் வழியே தெரிந்தன. இடது இறக்கை வலது இறக்கையாக மாறியிருந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் செங்கோட்டுவேல்.

“இவ்வளவுதான்.”

அவர் குனிந்தார். முகம் மலர்ந்தது. பிறகு நெற்றி சுருங்கியது. ஓரங்களில் அவர் எழுதியிருந்ததெல்லாம் கூடக் கவிழ்ந்து திரும்பியிருந்தது. பொடி எழுத்துகள், எறும்பு வரிசை போல வலமிருந்து இடமாக ஓடின.

“மாஸ்டர், நீங்க சொன்னது ஒன்னும் படிக்க முடியலையே.”

“ஆமாங்க.”

“பசை எத்தனை நிமிஷம்னு இதுலதான் இருக்கு. சூடு எவ்வளவுன்னு…”

பேச்சை நிறுத்தினார். அவர் பார்வை சுவர்ப் பக்கம் போனது. அங்கே ஒரு ஆணியில் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கியது.

மாஸ்டரும் அந்தப் பக்கம் பார்த்தார். போய்க் கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“எங்க மாஸ்டர் எடுத்துட்டுப் போறீங்க?”

“தலை சீவணும்ங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறுக்கிப் பின்னிய சடை முதுகில் ஆடியது.

செங்கோட்டுவேல் வெறும் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகைக்குத் திரும்பி, முதல் விலாவை எடுத்துப் பசை தடவி நிறுத்தினார்.

எத்தனை நிமிடம் என்று நினைவில்லை.

விரலால் தொட்டுப் பார்த்தார்.