மெல்போர்ன்ல அஞ்சு ரூம் சும்மா கிடக்கு

வெளிநாட்டுலேருந்து லீவுல வந்தவன் ஒருத்தன் கல்யாண வீட்டுல இருந்தா, அப்புறம் மாப்பிள்ளைய எவன் பாக்கான்? அம்பாசமுத்திரத்துல என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். முத பந்தி முடிஞ்சு, பீடாவ அதக்கிக்கிட்டு நாங்க நாலஞ்சு பேரு ஃபேனுக்கு அடியில சேரை இழுத்துப் போட்டோம். நடுவுல அருமைநாயகம். மெல்போர்ன்ல இருக்கான். அந்த வெக்கையிலயும் கோட்டைக் கழட்டல. ஆளு நல்லவன்தான், வாயைத் திறக்காத வரைக்கும்.

"நம்ம இசக்கி போன வருஷம் கம்பெனி வேலையா வந்தாம்லா, ஊரை நாந்தான் சுத்திக் காட்டினேன்"ன்னு ஆரம்பிச்சான். "ஏர்போர்ட்லேருந்து கூட்டிட்டு வாரேன். வண்டி நூத்தி நாப்பதுல பறக்கு. அவன் சட்டையில பட்டன் அந்துபோச்சு. பின்சீட்டுல உக்காந்து ஊசியில நூல் கோத்தான்வே! முத தடவையிலயே! கண்ணாடி போடாம! ரோடு அப்படி."

"வண்டி ஸ்டார்ட்டே ஆகலையோ என்னவோ"ன்னாரு நயினார். நயினார் சிமெண்ட் கடை வச்சிருக்காரு. எதையும் தட்டிப் பாத்துத்தான் நம்புவாரு.

அருமைநாயகம் அசரல. "நீரு அந்த ஊரைப் பாத்ததில்ல, அதான் பேசுதீரு. இசக்கி வாய் நிறைய வெத்தலை. 'ஏல, துப்பாத'ன்னு சொல்லுததுக்குள்ள துப்பிட்டான். கீழ விழலவே! அந்தத் தரையோட சுத்தத்தைப் பாத்து எச்சிலுக்கே கூச்சம் வந்துட்டு. அந்தரத்துல அப்படியே நின்னுது. அப்புறம் நேரா போயி, ரோட்டைத் தாண்டி, குப்பைத்தொட்டியப் பாத்து விழுந்துது."

"சிக்னல் போட்டப்புறம் தாண்டிச்சா, முன்னாலயா?"ன்னாரு நயினார்.

"சிக்னல் போட்டப்புறம்தான். அங்க யாரு சட்டத்தை மீறுவா?"

எல்லாரும் சிரிச்சோம். ஒரே ஒருத்தர் சிரிக்கல. சங்கரபாண்டி அண்ணாச்சி. தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. யாரு என்ன சொன்னாலும் நெத்தியச் சுருக்கிக்கிட்டு, பொறுப்பாக் கேப்பாரு. புளுகுறவனுக்கு இப்படி ஒரு ஆளு கிடைச்சாப் போதாதா? அருமைநாயகம் சேரை அவரு பக்கமாத் திருப்பிட்டான்.

"அண்ணாச்சி, அந்த ஊருல மழை வெயிலு குளிரு எல்லாம் ஒரே நாள்ல வரும். டிராம்ல ஏத்தினேன் இசக்கியை. டிராமோட முன்பக்கம் சித்திரை வெயிலு, பின்பக்கம் ஐப்பசி மழை. இசக்கி நடுவுல உக்காந்துட்டான். இடது தோளுக்கு மட்டும் குடை பிடிச்சுக்கிட்டே வந்தான். பின்னால நனைஞ்சவன் எல்லாம் முன்னால போயி காஞ்சுட்டுத்தான் எறங்குவான்."

"அப்போ துணி துவைக்கவங்களுக்கு சௌகரியம்தான்"ன்னாரு அண்ணாச்சி. நிஜமாவே சொன்னாரு.

"கட்டடத்தைக் கேளுங்க! லிஃப்ட்ல ஏறும்போது இசக்கி மழுமழுன்னு சவரம் பண்ணியிருந்தான். மேல போயி எறங்கும்போது தாடி. அங்கேருந்து பாத்தா அம்பாசமுத்திரம் தெரியுதுவே! நயினாரு, உம்ம மொட்டைமாடியில காயப்போட்ட வத்தலைக் காக்கா தின்னுக்கிட்டு இருந்துது. நானே பாத்தேன்."

"போன வருஷம் நாங்க வத்தலே போடலியே ஓய்."

"போட்டிருக்கீரு. காக்கா முழுசையும் தின்னுட்டு, அதான் உமக்கு ஞாபகம் இல்ல."

நயினாரையே மடக்கிட்டான். அந்தத் தெம்புல அருமைநாயகம் தன் வீட்டுப் பேச்சுக்கு வந்தான். "என் வீடு இருக்கே அண்ணாச்சி, விருந்தாளிக்குன்னே அஞ்சு ரூம் சும்மா கிடக்கு. இந்த முனையில காப்பி போட்டா அந்த முனைக்குப் போகுததுக்குள்ள ஆறிரும். இசக்கி சாப்பிட வாரதுக்கு சைக்கிள்ல வந்தான். நீங்களும் ஒரு தடவை வரணும். நம்ம வீடு இருக்க, வேற எங்கயும் தங்கப்படாது!"

இது வெளிநாட்டுக்காரன் எல்லாரும் சொல்லுத வார்த்தைதான். நாமளும் "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருவோம். கூப்பிடுதவனுக்கும் தெரியும், கேக்குதவனுக்கும் தெரியும். அதுதான் முறை.

அண்ணாச்சிக்கு அந்த முறை தெரியல. "வாரோம்ப்பா"ன்னாரு. "அடுத்த மாசம். என் தம்பி மகன் அங்கதான் படிக்கான். பட்டமளிப்பு விழா. நானும் உங்க மதினியும் போறோம். விசா வந்துட்டு, டிக்கெட் போட்டாச்சு. அவன் ஹாஸ்டல்ல இருக்கதால எங்க தங்கன்னுதான் ரோசனையா இருந்துது. நல்லவேளை, நீ சொன்ன."

அருமைநாயகம் மென்னுக்கிட்டு இருந்த பீடா அப்படியே நின்னு போச்சு. அவன் சம்சாரம் பத்மா பின்னாலதான் நின்னா. புருசன் காதுல குனிஞ்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னது எனக்கும் கேட்டுது: "இருக்கதே ஒரு பெட்ரூம். போன தடவை இசக்கி அண்ணன் ஹால்ல படுத்ததுக்கே ஒரு வாரம் நான் நைட்டி மாத்த இடமில்லாமக் கிடந்தேன். ஒழுங்காப் பேசி அனுப்புங்க."

இவன் கோட்டைக் கழட்டினான். தொண்டையச் செருமிக்கிட்டான். "வாங்க வாங்க... ஆனா அண்ணாச்சி, ஒரு விசயம் சொல்லணும்லா. அந்த ஊருல சிலந்தி இருக்கு. கக்கூஸ் போகணும்னா கதவைத் தட்டிட்டுத்தான் போகணும். உள்ள அது இருந்தா, 'இரு வாரேன்'னு சொல்லும். நாம காத்துக் கிடக்கணும்."

"ஐயோ"ன்னாரு அண்ணாச்சி.

"அங்க ஒரு குருவி உண்டு, ஹெல்மெட் இல்லாம வாசலுக்குப் போனா மண்டையில கொத்தும். இசக்கிக்கு முன்வழுக்கை எப்படி வந்துதுன்னு நினைக்கீங்க? சமையலா, கேக்கவே வேண்டாம். பத்மா கடுகு தாளிச்சா, சத்தத்தைக் கேட்டு ராணுவமே வந்து நிக்கும். ரெண்டு வருசமா நாங்க தாளிக்காத சாம்பார்தான் சாப்பிடுதோம்."

"அந்த அஞ்சு ரூமு என்னாச்சுவே?"ன்னு நயினார் எடுத்துக் குடுத்தாரு. அவருக்கு இப்பத்தான் கல்யாணச் சாப்பாடே செரிச்சுது.

"அதான் பெரிய ஆபத்தே! போர்வை எடுக்க மூணாவது ரூமுக்குப் போனான் இசக்கி. போனவன் போனவன்தான். இன்னும் ஆளைக் காணோம்."

"போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டுல பாத்தேனே!"

"பின்வாசல் வழியா வெளிய வந்திருப்பான்."

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைச்சாரு. அருமைநாயகம் முகத்துல ரத்தம் திரும்பிச்சு. "அதனால அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா எடுக்காதீங்க, நல்ல ஓட்டலா நானே பாத்துத் தாரேன்..."

"சும்மா இருப்பா." அண்ணாச்சி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "நீ ஏதோ சொகமா இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம். இப்படிப்பட்ட எடத்துல, ஒத்தாசைக்கு ஆளில்லாம, பத்மாவ வச்சுக்கிட்டு தனியாக் கிடக்கியே! நாங்க பத்து நாள்ல திரும்பத்தான் டிக்கெட் போட்டோம். அதை மாத்தச் சொல்லுதேன். விசா மூணு மாசம் இருக்கு. முழுசும் உங்க கூடவே இருக்கோம்."

பத்மா கையிலிருந்த தாம்பூலப் பை கீழ விழுந்துது.

"அப்புறம் பத்மா, எங்களுக்குத் தனி ரூம்லாம் வேண்டாம்மா. ஆளு காணாமப் போற ரூமு எதுக்கு? நீங்க படுக்கிற ரூம்லயே ஓரமா பாயை விரிச்சுக்கிடுதோம்."