நாற்காலி போடாத கூட்டம்

"கூட்டத்துக்குப் பெத்தவங்க வர்றாங்க, டீச்சர். ஆனா வந்த பிறகும் அவங்க அங்க இல்ல" என்றார் நல்லசிவம்.

சபுரா பீவி கூடாரக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிடுறாங்க?"

"செல்போனுக்குள்ள."

நல்லசிவம் கணக்கு வாத்தியார். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் சாரணர் படையை அவர் தலையில் கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. சபுரா பக்கத்து ஊர்ப் பள்ளியில் படை நடத்துபவர். வயதில் நல்லசிவத்தைவிடச் சின்னவர். ஆனாலும் ஒரு சிக்கல் என்றால் அந்த வட்டாரத்துச் சாரண ஆசிரியர்கள் சபுராவைத் தேடித்தான் போவார்கள்.

"பிள்ளைங்க?" என்றார் சபுரா.

"வரிசையில நிக்கும். நெளியும். ஒருத்தன் மாத்தி ஒருத்தன் தண்ணி குடிக்கப் போவான்."

"நீங்க?"

"பேசுவேன். ஒழுக்கம், சேவை, முகாமோட அவசியம், எல்லாம். நல்லாத்தான் பேசுவேன், டீச்சர்."

இந்த வருடமும் முகாமுக்குப் பிள்ளைகள் கிளம்பாவிட்டால் படையைக் கலைத்துவிடலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. வெளியே ராத்தங்க விடமாட்டோம் என்று நின்றவர்கள் பெற்றோர்தான்.

"இன்னும் எப்படிப் பேசினா கேப்பாங்க?"

சபுரா சுருட்டிய கயிற்றைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை எங்க கூட்டத்துக்கு வாங்க சார்" என்றார்.

*

சனிக்கிழமை நல்லசிவம் முன்கூட்டியே போனார். சபுரா மதிலோரம் ஒரு நாற்காலியைப் போட்டார்.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார்.

முதலில் வந்த பையன் கைக்கு ஒரு பந்து போனது. அடுத்து வந்தவள் அவனோடு சேர்ந்துகொண்டாள். எல்லோரும் வந்து சேர்ந்தபோது ஆட்டம் சூடு பிடித்திருந்தது. ஒரு அப்பா கோடு போட்டார். ஒரு அம்மா விசில் ஊதினாள். பிறகு அணி அணியாகப் பிரிந்து என்னவோ கட்டினார்கள், என்னவோ அவிழ்த்தார்கள்.

நல்லசிவத்துக்கு அங்கிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. எழுந்தார்.

"நானும் ஏதாவது செய்யட்டுமா, டீச்சர்?"

"வேண்டாம் சார். நீங்க விருந்தாளி. உக்காருங்க."

மறுபடி உட்கார்ந்தார். காலை மாற்றிப் போட்டார். கொட்டாவி வந்தது. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எதிரே நிழல் விழுந்தது. நிமிர்ந்தார். சபுரா.

"என்ன சார் பாக்குறீங்க?"

நல்லசிவம் தன் கையைப் பார்த்தார். செல்போன். யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்புப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எந்திரிங்க சார்" என்றார் சபுரா.

எழுந்தார்.

சபுரா நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"அவ்வளவுதானா, டீச்சர்?"

"அவ்வளவுதான் சார்."

*

அந்த வாரம் நல்லசிவம் பேச்சு தயாரிக்கவில்லை. பள்ளிக் கிடங்கைத் திறந்து பழைய கூடாரங்களை வெயிலில் விரித்தார். முளைக்குச்சிகளைத் தேடி எடுத்தார். யார் எந்த அணி, எந்த அணிக்கு எந்த இடம், சீக்கிரம் வருகிறவனுக்கு என்ன ஆட்டம், தாமதமாக வருகிறவருக்கு என்ன வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டின்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மனைவி குழம்பை ஊற்றிவிட்டுச் சிரித்தாள்.

கூட்டத்தன்று மைதானத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

முதலில் வந்தவர் இசக்கியம்மாள். பீடி சுற்றிப் பிள்ளையை வளர்ப்பவர். ஒரே பையன், பேச்சிமுத்து. முகாம் என்ற சொல்லையே காதில் போட்டுக்கொள்ளாதவர்.

"எங்க சார் உக்கார?"

ஒரு நாற்காலி எடுத்துவரக் கால் துடித்தது நல்லசிவத்துக்கு. அடக்கிக்கொண்டார்.

"கூடாரம் அடிக்கணும்மா. அந்த மூலையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

"நானா?"

"எம்மா, வா!" என்று பேச்சிமுத்து அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

இசக்கியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

மற்றவர்களும் வந்தார்கள். வந்தவர் கைக்கெல்லாம் கயிறோ துணியோ குச்சியோ போனது. முதல் கூடாரம் எழுந்தது. சாய்ந்தது. சிரிப்பு. நல்லசிவம் உதவப் போக இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றார்.

"அந்தப் பக்கம் லூசா இருக்கு, எம்மா! இழு!"

"இழுக்கேன்லா! நீ முடிச்சைப் போடு!"

"முடிச்சு இப்படிம்மா. சுத்தி, உள்ள விட்டு, இழு."

இசக்கியம்மாள் மகன் காட்டிய மாதிரி போட்டார். அவிழ்த்தார். மறுபடி போட்டார். இந்த முறை நின்றது.

அப்போது சாரல் இறங்கியது.

போன கூட்டங்களில் ஒரு தூறல் போதும், எல்லோரும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இன்று ஒருவரும் வாசல் பக்கம் போகவில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் இடித்துப் பிடித்துக்கொண்டு கூடாரங்களுக்குள் புகுந்தார்கள். நல்லசிவமும் குனிந்து இசக்கியம்மாள் இருந்த கூடாரத்துக்குள் நுழைந்தார். மேலே துணியில் மழை படபடத்தது. காற்றில் கூடாரம் உப்பியது. நின்றது.

நல்லசிவம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"முகாம் அடுத்த வெள்ளிக்கிழமை. ரெண்டு ராத்திரி."

 பேச்சிமுத்து அம்மா முகத்தையே பார்த்தான்.

"பிள்ளைங்க எதுல படுக்கும்?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"இதே கூடாரத்துலதாம்மா."

இசக்கியம்மாள் அண்ணாந்து பார்த்தார். ஓரத்துக் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். அசையவில்லை.

"அப்ப சரி" என்றார்.

பேச்சிமுத்து போட்ட கூச்சல் பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்டது. அங்கிருந்தும் ஒரு கூச்சல் வந்தது. அதற்கப்புறம் பெற்றோர் பேச ஆரம்பித்தார்கள். போர்வை எத்தனை, வண்டி யாருடையது, காலைக்கு என்ன பலகாரம். நல்லசிவம் இருமுறை வாய் திறந்தார். இருமுறையும் அவரை யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு அது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. வழக்கம்போலத் தாமதமாக வந்த ஒரு அப்பா. முழுக்க நனைந்த தலையைக் கூடாரத்துக்குள் நீட்டினார்.

"இங்க கூட்டத்தை நடத்துறது யாரு?"

நல்லசிவம் எழப் போனார்.

"அதைப் பொறவு பாக்கலாம்" என்றார் இசக்கியம்மாள். "மொதல்ல இந்தக் கயித்தைப் பிடிங்க."